நாற்பது பதில்களை மனப்பாடம் செய்துவிட்டு நான் பட்ட பாடு

எட்டு வருடம் ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பிரிவில் இருந்த ஆறு பேரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இந்த வேலையை இனி வெளியே கொடுக்கப் போகிறோம், மாதக் கடைசியோடு உங்கள் வேலை முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. எட்டு வருட அனுபவம் இருக்கிறது, வேலை தெரியும், மிஞ்சிப் போனால் இரண்டு மாதத்தில் வேறு இடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிரிவில் இருந்தவள் போட்ட கணக்கு அது! ஏழு மாதம் ஆனது. பதினோரு இன்டர்வியூ. ஐந்து மாதச் சம்பளத்துக்குச் சமமான சேமிப்பு கரைந்தது. அதில் ஒரு பகுதி நானாகப் போய்க் கொட்டிய பணம். அதை அப்புறம் சொல்கிறேன். வேலை தெரிந்திருப்பது வேறு, அந்த வேலையைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை மணி நேரம் பேசத் தெரிந்திருப்பது வேறு என்று யாராவது முதல் வாரமே என் காதில் போட்டிருந்தால் பாதி நாளாவது மிஞ்சியிருக்கும்.

முதல் இன்டர்வியூவில் முதல் கேள்வி, எல்லோரும் எதிர்பார்க்கிற அதே கேள்விதான். “உங்களைப் பற்றிச் சொல்லுங்க.” இதுதான் இருப்பதிலேயே சுலபமான கேள்வி என்று நினைத்து எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போயிருந்தேன். எங்கே படித்தேன் என்பதில் ஆரம்பித்தேன். அங்கிருந்து பள்ளி மதிப்பெண், வணிகவியல் எடுத்த காரணம், அப்பாவின் வேலை, அக்காவின் படிப்பு என்று எங்கெங்கோ போனேன். என் முதல் வேலைக்கு வந்து சேர்வதற்குள் எதிரே இருந்தவர் பேனாவுக்கு மூடியைப் போட்டு அதைத் தாளின் மேல் படுக்க வைத்துவிட்டார். அதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்த முடியவில்லை. வாய் தானாகப் போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாறு நிமிடம் பேசியிருப்பேன். அதன்பின் பேருக்கு இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, “சொல்லி அனுப்புறோம்மா” என்றார். சொல்லியும் அனுப்பவில்லை, எழுதியும் அனுப்பவில்லை.

அந்தக் கேள்விக்கு யாரும் நம் வாழ்க்கை வரலாற்றை எதிர்பார்ப்பதில்லை. கேட்கிறவர் பெரும்பாலும் நம் ரெஸ்யூமை அப்போதுதான் கையில் எடுத்திருப்பார். பேச்சை எங்கிருந்து தொடங்கலாம் என்று அவருக்கே தெரியாது. அந்த நூல் முனையை நம் கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். பல அடிகளுக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த வடிவம் இது: இப்போது என்ன வேலை செய்கிறேன், அதில் நான் உருப்படியாகச் செய்த ஒன்று, இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கிறேன். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குள். “எட்டு வருடமாகச் சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் பட்டுவாடா செய்யும் வேலையில் இருந்தேன். மாதம் சுமார் தொள்ளாயிரம் பில் என் மேசையைத் தாண்டிப் போகும். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருந்ததைக் கண்டுபிடித்து மீட்டது அங்கே நான் செய்ததில் எனக்குப் பிடித்த வேலை. உங்கள் விளம்பரத்தில் பட்டுவாடாவை முழுக்கப் புது மென்பொருளுக்கு மாற்றப் போவதாகப் பார்த்தேன், அந்த மாற்றத்தில் வேலை செய்ய ஆசை.” இவ்வளவுதான். குடும்பம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் அடுத்துக் கேட்பது அந்த இரண்டு தடவை போன பணத்தைப் பற்றித்தான். அதாவது அடுத்த கேள்வியை நானே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் இந்த இடத்துக்கு நான் நேராக வந்துவிடவில்லை. முதல் மூன்று இன்டர்வியூ போன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். என் பழைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கட்டணம், அதுவும் முன்பணமாக. நாற்பது கேள்வி, நாற்பது மாதிரி பதில், அழகாக பைண்டு செய்து கொடுத்தார்கள். நானும் பரீட்சைக்குப் படிப்பது போல மூன்று வாரம் உட்கார்ந்து உருப்போட்டேன். அடுத்த இன்டர்வியூவில், “உங்ககிட்ட இருக்கிற குறை என்ன?” என்று ஒரு அம்மா கேட்டார். நான் தயாராக இருந்தேன். எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம்தான் மேடம் என் குறை, அதனால் சில சமயம் என்னையே வருத்திக்கொள்கிறேன் என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அலுப்பும் பரிவும் கலந்த சிரிப்பு. “இன்னிக்கு இதைச் சொல்ற மூணாவது ஆள் நீங்க” என்றார். எனக்குக் காது மடல் வரை சூடானது. அதோடு விடவில்லை. “சரி, அப்படி உங்களை வருத்திக்கிட்ட ஒரு நாளைச் சொல்லுங்க.” புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை. அப்படி ஒரு நாளும் என் வாழ்க்கையில் இல்லை.

மனப்பாடப் பதிலின் கோளாறு இதுதான். முதல் கேள்வியைத் தாங்கும், இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும். இன்டர்வியூ எடுப்பவர்களின் தொழிலே இரண்டாவது கேள்விதான். பயிற்சி வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதிரே ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, நம் பதிலைக் கேட்டுத் திருத்துகிற இடமாக இருந்தால் காசு கொடுக்கலாம். பதிலை எழுதிக் கொடுக்கிற இடத்துக்குக் கொடுக்காதீர்கள். கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என்னை நீங்கள் எத்தனை தடவை பேசவைத்துக் கேட்பீர்கள்? நான் சேர்ந்த இடத்தில் மூன்று வாரத்தில் என்னை வாய் திறக்க வைத்தது ஒரே தடவை, அதுவும் பத்து நிமிடம்.

திருப்பம் வந்தது அக்கா வீட்டில். அக்காவை எதிரே உட்கார வைத்து, “கேள்வி கேளு, நான் பதில் சொல்றேன்” என்று ஆரம்பித்தேன். என் வேலை அனுபவத்தை மூச்சுவிடாமல் சொன்னேன். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவள் மகன், பத்து வயது, தலையைத் தூக்கி, “சித்தி, நீங்க ஆபீஸ்ல என்னதான் செஞ்சீங்க?” என்றான். அக்கா அவனை அதட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவன் கேட்டதில் தவறே இல்லை. “செயல்முறைகளை மேம்படுத்தினேன், குழுவோடு ஒருங்கிணைந்து இலக்குகளை எட்டினேன்” என்று சொன்னேனே தவிர, காலையில் போய் உட்கார்ந்து கையால் என்ன செய்தேன் என்பது அதில் எங்குமே இல்லை. என் தலைக்குள் அந்த எட்டு வருடமும் படமாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்கிறவனுக்கு வெறும் சத்தம். 1990-ல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், இன்னொருவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று! தட்டுகிறவருக்கு மனதுக்குள் முழுப் பாட்டும் கேட்கிறது, எதிரே இருப்பவருக்கு டொக் டொக் என்பது மட்டும்தான். மூன்று இன்டர்வியூவில் நான் மேசையைத் தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று இரவே ஒரு நோட்டு எடுத்தேன். கேள்வி பதில் எழுத இல்லை. எட்டு வருடத்தில் எனக்கு ஞாபகத்தில் நிற்கிற சம்பவங்களை எழுத. ஒரு சம்பவத்துக்கு ஒரு பக்கம். முதல் நாள் நான்குதான் வந்தது, பிறகு பழைய நாட்காட்டி, பழைய வாட்ஸ்ஆப் செய்திகள் என்று கிளறக் கிளற இரண்டு வாரத்தில் பதினேழு சேர்ந்தது. சண்டை, தவறு, பாராட்டு, கெடு தவறியது, கெடுவுக்கு முன் முடித்தது, புது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று எல்லாம். அதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சப்ளையரின் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே தொகை இரண்டு தடவை, பதினோரு நாள் இடைவெளியில் போயிருந்தது. இன்வாய்ஸ் எண்ணைப் பார்த்தேன். ஒன்றில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு சிறு கோடு, இன்னொன்றில் கோடு இல்லை. முதலில் மின்னஞ்சலில் வந்த பில்லை ஒருவர் கோட்டோடு ஏற்றியிருக்கிறார். பிறகு தபாலில் வந்த அதே பில்லை இன்னொருவர் கோடில்லாமல் ஏற்றியிருக்கிறார். ஒரே எண் இரண்டாம் தடவை வந்தால் மென்பொருள் தடுக்கும். ஆனால் கோடு இருந்தால் அதற்கு அது வேறு எண். அந்த வருடத்துப் பட்டுவாடா முழுவதையும் எக்செல்லில் இறக்கி, எண்ணை விட்டுவிட்டு சப்ளையர் பெயர், தொகை என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். பதினான்கு அகப்பட்டன. இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளப்பட்டன. இன்வாய்ஸ் எண்ணை எழுத்தும் எண்ணுமாக மட்டும் ஏற்ற வேண்டும், கோடு, புள்ளி எதுவும் கூடாது என்று ஒரு விதியைக் கொண்டுவரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், கொண்டுவந்தார்கள்.

இந்த ஒரே சம்பவம் எத்தனை கேள்விக்குப் பதில் என்று எண்ணிப் பாருங்கள். பெருமைப்படுகிற வேலை எது, ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள், யாரும் சொல்லாமல் நீங்களாக முன்வந்து செய்தது எது, எக்செல் எவ்வளவு தெரியும், எல்லாவற்றுக்கும் இதுவே. சக ஊழியரோடு உரசல் வந்ததுண்டா என்ற கேள்விக்குக்கூட. கோடில்லாமல் ஏற்றியவர் என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். நாற்பது பதில் தேவையில்லை. நன்றாகத் தெரிந்த ஏழெட்டுச் சம்பவம் போதும், கேள்விக்குத் தக்கபடி எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவது என்பதுதான் பழக வேண்டியது. சொல்லும் முறைக்கு ஸ்டார் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. எல்லோரும் நிலைமையை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறோம். நிலைமை இரண்டு வாக்கியம் போதும். “நான் என்ன செய்தேன்” என்பதில்தான் நின்று பேச வேண்டும். இன்னொன்று, எனக்கு “நாங்கள் செய்தோம்” என்று சொல்லியே பழக்கம். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கடைசியில் கேட்டேவிட்டார்: “அந்த நாங்கள்ல நீங்க எங்க இருக்கீங்க?”

ஏன் எல்லா இடத்திலும் இப்படிப் பழைய சம்பவத்தையே கேட்கிறார்கள் என்பது ஐந்தாவது இன்டர்வியூவில் விளங்கியது. எதிரே இருந்தவரின் தாள் என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. கேள்விகள் அச்சிட்டிருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். அன்றைக்கு வந்த எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே கட்டங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் இந்த முறை, மனம் போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட ஆளின் திறமையைச் சரியாகக் காட்டுகிறது என்று பல பத்தாண்டு ஆய்வுகள் சொல்கின்றன. 2022-ல் பால் சாக்கெட்டும் அவர் குழுவினரும் பழைய ஆய்வுகளை எல்லாம் மறுபடி அலசியபோதும் தேர்வு முறைகளில் முதலிடத்தில் வந்தது இதுதான். இது தெரிந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை விட்டேன். கட்டத்தில் போட அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

நோட்டில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அடுத்தது. இங்கேயும் முதலில் தப்பு செய்தேன். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும், அதுதான் ஏமாற்று. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிகி இருவரும் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து நினைவு அதிகமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் நின்றது, ஒரு தடவை படித்துவிட்டுப் பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு 61 சதவீதம். அதனால் நோட்டை மூடிவிட்டு, செல்போனில் பதிவு போட்டு, சுவரைப் பார்த்துப் பேசினேன். முதல் பதிவைக் கேட்டபோது அழுகையே வந்தது. ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு “வந்து”, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் உள்ளே போய்விடுகிறது. பத்து நாள், தினமும் இரண்டு சம்பவம். வார்த்தை தினமும் மாறட்டும், மாற வேண்டும். எண்கள் மட்டும் மாறக் கூடாது. அக்கா மகனுக்குப் புரிகிற வரை சொன்னேன். அவனுக்கு இப்போது இன்வாய்ஸ் என்றால் என்னவென்று தெரியும்.

ரெஸ்யூமையும் இந்தச் சமயத்தில்தான் ஒழுங்காகப் படித்தேன். என்னுடையதுதான், ஆனால் முன்பு ஒரு தடவையும் எதிராளியின் கண்ணால் படித்ததில்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. “எக்செல்லில் தேர்ச்சி” என்று போட்டிருந்தேன். ஒருவர், அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலாவால் இடது பக்கத்துக் கட்டத்திலிருந்து மதிப்பை எடுக்க முடியுமா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தினமும் போட்ட ஃபார்முலா அது. தேடும் நெடுவரிசை முதலாவதாக இருக்க வேண்டும், அதற்கு வலப்பக்கம் உள்ளதைத்தான் அது எடுத்துத் தரும் என்று கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை. விழித்தேன். பாதுகாத்துப் பேச முடியாத வரியை அன்றே அழித்துவிடுங்கள்.

குறை என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மா சிரித்தது மனதைவிட்டுப் போகவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு என் பழைய மேலாளருக்கே போன் போட்டேன். “சார், என்கிட்ட என்ன குறைன்னு நினைச்சீங்க? மனசுல வெச்சுக்காம சொல்லுங்க” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “நீ கேக்கவே மாட்டம்மா. ஒண்ணு புரியலைன்னா மூணு நாள் நீயே மண்டையை உடைச்சுக்கிட்டு, நாலாவது நாள்தான் வந்து நிப்பே” என்றார். அன்று முழுவதும் கோபம். மறுநாள்தான் அது எவ்வளவு உண்மை என்று உறைத்தது. இப்போது என் பதில் அதுதான்: கேட்கத் தயங்குவேன், அதனால் ஒரு மாதம் கணக்கு முடிப்பது இரண்டு நாள் தள்ளிப்போனது, அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் முயன்றும் வழி தெரியவில்லை என்றால் எழுந்து போய்க் கேட்பது என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். உண்மையான குறை, அதனால் நேர்ந்தது, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன். வேலைக்கே உயிர்நாடியான விஷயத்தைக் குறையாகச் சொல்லி வைக்காதீர்கள், கணக்கு வேலைக்குப் போய் எண்கள் என்றால் எனக்கு ஆகாது என்று சொல்ல முடியுமா? மற்றபடி உண்மை போதும். உண்மைக்கு இரண்டாவது கேள்வி வந்தாலும் பயமில்லை.

வேலையை ஏன் விட்டீர்கள் என்பதில் நான் நிறைய உளறியிருக்கிறேன். பழைய நிறுவனத்தின் மேல் இருந்த வருத்தம் எல்லாம் கொட்டும். கேட்கிறவருக்கு அதில் எந்த உபயோகமும் இல்லை, நாளைக்கு இவள் நம்மையும் இப்படித்தான் பேசுவாள் என்பதைத் தவிர. “பிரிவையே மூடினார்கள், ஆறு பேரும் வெளியே வந்தோம்” என்று ஒரே வாக்கியம், அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நடுவில் வேலையில்லாமல் இருந்த மாதங்களைப் பற்றியும் அப்படியே. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்பதற்கு யாரும் ஜோசியம் எதிர்பார்க்கவில்லை. இந்த வேலை போகிற திசையும் நீங்கள் போக நினைக்கிற திசையும் ஒன்றுதானா என்று பார்க்கிறார்கள். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை.

சம்பளக் கேள்விதான் என்னைப் படுத்தியது. எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றதும், வேலை கிடைத்தால் போதும் என்ற பயத்தில், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒரு தொகையைச் சொன்னேன். குறைவாகக் கேட்டால் சட்டென்று எடுத்துக்கொள்வார்கள் என்று நினைப்பு. அவர் நெற்றியைச் சுருக்கி, “இந்த வேலைக்கு எங்க ஆரம்பச் சம்பளமே அதைவிட ஜாஸ்தி ஆச்சே” என்றார். அதோடு அவர் கேள்விகளின் தொனியே மாறியது. எட்டு வருட அனுபவம் என்கிறாள், ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறாள் என்ற சந்தேகம் வந்துவிட்டது. போகும் முன்பே அதே மாதிரி வேலைக்கு வெளியான விளம்பரங்களில் சம்பளம் போட்டிருப்பவற்றைப் பத்துப் பதினைந்து பாருங்கள், அதே வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள். இன்டர்வியூவில் முதலில், “இந்த வேலைக்கு நீங்க ஒதுக்கியிருக்கிற வரம்பு என்னன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. இந்த வரம்பை விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஓர் உத்தரவே இயற்றியிருக்கிறது. சட்டமே பேசுகிற விஷயத்தைக் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்? அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் ஒரு வரம்பைச் சொல்லுங்கள், கீழ்த்தொகை உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமான தொகையாக இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் காதில் விழுவது அதுதான்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? நான் முதலில் எல்லாம் ஏதாவது இட்டுக்கட்டி மாட்டிக்கொள்வேன். 1921-ல் தாமஸ் எடிசன் தன்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சுமார் 150 பொது அறிவுக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்தார். அந்த வருடம் அமெரிக்காவுக்கு வந்திருந்த ஐன்ஸ்டைனிடம் அதிலிருந்து ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் சுலபமாகக் கிடைப்பதைத் தலையில் சுமந்துகொண்டு அலைவதில்லை என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போனார் அவர். நாம் ஐன்ஸ்டைன் இல்லை, அந்தத் திமிர் செல்லாது. ஆனால் “இது எனக்குத் தெரியாது, நான் செய்ய வேண்டி வந்தால் இங்கிருந்து ஆரம்பிப்பேன்” என்று சொல்லலாம். சொன்ன பிறகு ஒரு தடவையும் யாரும் முகம் சுளித்ததில்லை. யோசிக்க ஐந்து விநாடி எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். நமக்கு அது ஒரு யுகம், அவர் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருப்பார். கை நடுங்குவது எல்லோருக்கும் தெரிகிறது என்று எனக்கு எப்போதும் எண்ணம். தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் 2003-ல் மேடைப் பேச்சை வைத்துப் பார்த்தபோது, பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் வெளியே தெரிவதாக நினைப்பதைவிடக் கேட்கிறவர்களுக்கு அது குறைவாகவே தெரிந்தது. அதைப் படித்த பிறகு நடுக்கம் நிற்கவில்லைதான், அதை மறைக்கப் படும் பாடு நின்றது.

கேமரா முன்னால் நடந்தவை மூன்று. முதலாவதில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முகமே தெரியாத கருநிழலாகப் பேசியிருக்கிறேன். வெளிச்சம் முன்னால் இருக்கட்டும், கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், முந்தின நாள் யாருக்காவது வீடியோ கால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைசியில், “எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்பார்கள். முதல் ஆறு இன்டர்வியூவிலும், “ஒண்ணும் இல்ல சார்” என்று எழுந்து வந்தேன். இப்போது மூன்று கேள்வி எழுதி எடுத்துப் போகிறேன், தாளைப் பார்த்தே கேட்கிறேன். இந்த இடம் ஏன் காலியானது, முதல் மூன்று மாதத்தில் நான் எதைச் செய்து முடித்திருந்தால் நீங்கள் திருப்திப்படுவீர்கள், இந்தப் பிரிவில் இப்போது உங்களுக்குப் பெரிய தலைவலி எது. இந்த மூன்றாவது கேள்விக்கு ஒருவர் பத்து நிமிடம் பதில் சொன்னார். அதில் இரண்டு இடத்தில் என் நோட்டின் சம்பவங்கள் பொருந்தின, அங்கேயே சொன்னேன். முடிந்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகும் வரை காத்திருக்காமல், படிக்கட்டிலேயே உட்கார்ந்து கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதிவிடுவேன். பதினோரு இன்டர்வியூவில் தொண்ணூற்றுச் சொச்சம் கேள்வி சேர்ந்தது. வார்த்தையை உரித்துப் பார்த்தால் பதினைந்துதான்.

ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது, எனக்கு ஐந்து வாரம் பிடித்த எச்சரிக்கை. ஏழாவது இடத்தில், “நீங்க செலக்ட் ஆன மாதிரிதான், லெட்டர் அடுத்த வாரம் வந்துரும்” என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்த வாரமே இன்னும் இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், வேலை கிடைத்துவிட்டது என்று மறுத்துவிட்டேன். கடிதம் வரவில்லை. போன் செய்தால் மேலே ஒப்புதலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். மூன்றாவது வாரம் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். ஐந்தாவது வாரம், அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதையே தள்ளிவைத்துவிட்டதாக இரண்டு வரி மின்னஞ்சல். மறுத்த இரண்டு இடங்களுக்கும் திரும்பப் பேசிப் பார்த்தேன், ஆள் எடுத்துவிட்டார்கள். சம்பளம், சேரும் தேதி, தகுதிகாண் காலம், விலகுவதற்கு முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு வரும் வரை தேடுவதை நிறுத்தாதீர்கள். யாருக்கும் அதுவரை விருந்தும் கொடுக்காதீர்கள்.

பதினோராவது இடத்தில் இரண்டு பேர் எதிரே இருந்தார்கள். என்னைப் பற்றி ஒன்றரை நிமிடம் சொன்னேன். அந்தச் சிறு கோட்டைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டார்கள். மீளாத அந்த இரண்டு பட்டுவாடாவும் ஏன் மீளவில்லை என்று ஒருவர் துருவினார். ஒரு சப்ளையர் தொழிலையே மூடிவிட்டார், இன்னொருவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நடந்ததைச் சொன்னேன். ஒன்பதாவது நாள் கடிதம் வந்தது. சம்பளம் நான் சொன்ன வரம்பின் நடுவில் இருந்தது. விலகும் கால அளவு மட்டும் அவர்கள் பேசியதைவிட ஒரு மாதம் கூடுதலாகப் போட்டிருந்தது. கேட்டேன், திருத்தி அனுப்பினார்கள். அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகுதான், அடுத்த வாரம் வருவதாக ஒப்புக்கொண்டிருந்த பன்னிரண்டாவது இடத்துக்கு வரவில்லை என்று எழுதினேன்.